உங்களுக்குத் தெரியுமா? கைப்பையில் பறந்த கிருமி

மலேசியாவில், டெங்கில் ஊரை உள்ளடக்கிய சிப்பாங் வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளை 1999இல் உலுக்கிய காய்ச்சலை, முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங்குக்குச் சந்தேகம். கிருமி மாதிரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டார். (நினைத்தாலே பகீரென்கிறது!) அங்கே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், அது வேறு இனம். அதுதான் நிப்பா.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி 2000 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் மலேசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 20 பேருக்கு மேல். நிப்பா பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பல நாட்டவர் சேர்ந்தெழுதும் கட்டுரைகளுக்குச் சராசரியாக மேற்கோள் அதிகம்தான். அதில் ஒரு பங்கு, எழுதியவர்களே தங்கள் கட்டுரையைத் திரும்பத் திரும்பச் சுட்டுவதால் சேர்வது!