தப்பு போல்ட்டால் வந்த வினை! நடுவானில் ஜன்னலுக்கு வெளியே தொங்கிய விமானி

தர்மபுரி,

பறந்துகொண்டிருந்த விமானத்தின் முன்பக்கக் கண்ணாடி "படார்" என்று பிய்த்துக்கொண்டு போனது. விமானி அந்த ஓட்டை வழியே வெளியே இழுக்கப்பட்டார். கால் உள்ளே, உடம்பு வெளியே!

சினிமா அல்ல. 1990-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி இங்கிலாந்தில் நிஜமாக நடந்த சம்பவம். குண்டு வைத்த சதி இல்லை. புயலும் இல்லை. முந்தின நாள் விடியற்காலை ஒருவர் முடுக்கிய போல்ட்டுகள்தான் காரணம்!

எங்கோ சீமையில் நடந்த கதை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. 2004 வரை நம் தர்மபுரி மாவட்டத்தோடு இருந்த ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது. விமானம் பழுது பார்க்கும் வேலையும் அங்கே வந்துவிட்டது. நாளைக்கு நம் ஊர்ப் பையனும் ஸ்பேனர் பிடிக்கப்போகிற தொழில் இது.

காலைப் பிடித்துக் காப்பாற்றினார்கள்

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் பர்மிங்காமில் இருந்து ஸ்பெயின் நாட்டு மலாகாவுக்குக் கிளம்பியது. பயணிகள் 81 பேர், ஊழியர்கள் 6 பேர். 17,300 அடி உயரத்தில் விபரீதம்!

விமானி டிம் லங்காஸ்டர் வெளியே போய்விட்டார். உள்ளே ஓடிவந்த ஊழியர் நைஜல் ஆக்டன் பாய்ந்து பிடித்துக்கொண்டார். அவர் கை ஓய்ந்ததும் மற்ற ஊழியர்கள் மாறி மாறிப் பிடித்தார்கள். "ஆள் செத்துட்டார்" என்றுதான் நினைத்தார்கள். ஆனாலும் விடவில்லை. துணை விமானி அலஸ்டர் அட்சிசன் சமாளித்து சவுத்தாம்ப்டனில் இறக்கினார். அத்தனை பேரும் பிழைத்தார்கள். லங்காஸ்டரும்தான்!

கண்ணாலே அளந்தார்

விசாரணையில் திடுக்கிடும் தகவல்கள் வெளிவந்தன. கண்ணாடியை மாற்றியவர் கற்றுக்குட்டி அல்ல. அந்த ஷிப்டுக்கே மேனேஜர். நல்ல அனுபவசாலி. ஆள் பற்றாக்குறை என்று தானே வேலையில் இறங்கினார்.

எந்த நம்பர் போல்ட் போடவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவர் புரட்டவில்லை. கழற்றிய பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு போய் ஜோடி தேடினார். ஸ்டோரில் இருந்தவர், "இதுக்கு வேற நம்பர்தான் போடுவாங்க" என்கிற மாதிரி எச்சரித்தும் கேட்கவில்லை. அங்கே பழைய அளவு போல்ட் போதுமான அளவு இல்லை. வெளிச்சம் குறைந்த இன்னொரு இடத்தில் கண்ணாலே ஒப்பிட்டு எடுத்து வந்தார்.

மொத்தம் 90 போல்ட். அதில் 84 போல்ட் பருமனில் குறைவு. எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! மீதி 6 போல்ட் நீளம் பத்தவில்லை.

இதில் வேடிக்கை, கழற்றிய பழைய போல்ட்டுகளிலேயே பெரும்பாலானவை தப்பு நம்பர்! முன்னால் யாரோ செய்த தவறு தாங்கிக்கொண்டு ஓடியது. இரண்டாவது தவறு தாங்கவில்லை. இன்னொருவர் சோதிக்கவேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்கு இல்லை. கையெழுத்து ஆனது. விமானம் கிளம்பியது.

ரப்பர் வளையம்

இதற்கு முன் 1983 மே 5-ந் தேதி அமெரிக்காவில் இன்னொரு கூத்து. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் மியாமியில் இருந்து 172 பேரோடு கிளம்பியது. மூன்று என்ஜினிலும் ஆயில் ஒழுகி, கடைசியில் மூன்றும் நின்றுபோயின! கடலை நோக்கி இறங்கியபோது ஒரு என்ஜின் மட்டும் மறுபடி கிளம்பியதால் தப்பித்தார்கள்.

காரணம், ரப்பர் வளையம். எப்போதும் வளையம் மாட்டியே வரும் பாகம் அன்றைக்கு வளையம் இல்லாமல் வந்தது. "இருக்கும்" என்று மெக்கானிக்குகள் நினைத்தார்கள். பார்க்கவில்லை.

520 பேர் பலி

எல்லாரும் தப்பிப்பதில்லை. ஜப்பானில் ஒரு ஜம்போ விமானம் 1978-ல் இறங்கும்போது வால் தரையில் உரசியது. போயிங் கம்பெனி ஆட்களே பழுது பார்த்தார்கள். பின்பக்கத் தடுப்புச் சுவருக்கு ஒரே தகடாக வைக்கவேண்டிய ஒட்டை இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. 7 வருஷம் பறந்தது. 1985 ஆகஸ்டு 12-ந் தேதி சுவர் உடைந்து, வால் பிய்ந்து, மலையில் மோதியது. 524 பேரில் 520 பேர் பரிதாபமாக இறந்தார்கள்.

12 எதிரிகள்

இந்தத் தவறுகளின் வேரைக் கனடா நாட்டு கார்டன் டுபான்ட் 1993-ல் 12 வகையாகப் பட்டியல் போட்டார். தூக்கமின்மையால் வரும் சோர்வு, மேலிடத்து அவசரம், "எத்தனை தடவை செஞ்சிருக்கேன்" என்கிற அசட்டை, ஷிப்டு மாறும்போது சொல்லாமல் போவது, தப்பைப் பார்த்தும் வாய் திறக்கப் பயப்படுவது எல்லாம் அதில் உண்டு. இந்தியாவிலும் விமானப் பழுதுபார்ப்பு நிலைய ஊழியர்களுக்கு இதுபற்றிப் பயிற்சி தரவேண்டும் என்று விதி இருக்கிறது.

தொப்பூரை மறக்கவேண்டாம்

விமானத்துக்கு மட்டுமா இந்தப் பாடம்? தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் லாரி உருண்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. "கண்ணாலே பார்த்தே சைஸ் சொல்லிடுவேன்" என்று மார்தட்டும் மெக்கானிக் நம் ஊரிலும் உண்டு. லங்காஸ்டரை ஜன்னலுக்கு வெளியே தள்ளியது அந்த மார்தட்டல்தான்.

வேலைக்காரரே, புத்தகத்தைப் பாருங்கள். முடித்ததும் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

முதலாளிகளே, "அண்ணே, தப்பு பண்ணிட்டேன்" என்று வந்து நிற்பவனை அடித்து விரட்டாதீர்கள். அவனை விரட்டினால் அடுத்தவன் மறைப்பான். மறைத்த தப்பு ஷெட்டில் தெரியாது. மலை இறக்கத்தில்தான் தெரியும்!