துடைப்பத்துக்கு முன் ஒரு படம்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நிலக்கரியால் வளர்ந்த ஊர். ஆனால் வெளியூராருக்கு அது பெருமையாகக் காட்டும் கட்டடங்களில் கண்ணாடியே கண்ணில் படும். வெர்னர் ருனாவ் வடிவமைத்து 1959-ல் திறக்கப்பட்ட இசை நாடக அரங்கின் முன்புறம் கண்ணாடி. பழைய எஃகு ஆலை நின்ற இடத்தில் 1995-ல் எழுந்த அறிவியல் பூங்காவின் முகப்பு, குளத்தைப் பார்த்தபடி ஏறத்தாழ 300 மீட்டர் கண்ணாடி. எந்தக் கட்டடத்தின் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. எல்லா ஊரும் இன்று இப்படித்தான் இருக்கிறது. கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் மெய்யென்று நம்பிப் பறவைகள் மோதுகின்றன. ஜெர்மனியில் ஆண்டுக்குப் பத்து கோடிக்கும் மேல் இப்படிச் சாவதாக மாநிலப் பறவைப் பாதுகாப்பு நிலையங்கள் 2017-ல் மதிப்பிட்டன. அத்தனை உடல்களும் எங்கே போயின? காகமும் பூனையும் நரியும் தின்றது போக, மிச்சத்தை விடியற்காலைத் துடைப்பம் வாரிவிடுகிறது. புறா மோதிய கண்ணாடியில் இறகுப்பொடி ஒட்டி, விரித்த சிறகின் அச்சு அப்படியே நிற்கும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு, தடயம் போச்சு. பாதுகாக்கப்பட்ட பறவையின் உடலைத் தனியார் எடுத்து வைத்துக்கொள்ளவும் அந்நாட்டுச் சட்டம் இடம் தராது. சாமானியர் கையில் மிஞ்சும் ஆதாரம் புகைப்படம் ஒன்றுதான்.

செத்ததைப் போய்ப் படம் எடுப்பார்களா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சாவைக் கண்டு வரும் கூச்சம்தான் அது என்றால், இழவு வீட்டில் உறவினர் சூழ நின்று படம் எடுத்துக்கொள்ளும் நமக்கும், தெருமுனைதோறும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டும் நமக்கும் அது வரக்கூடாது. பறவை ஓவியர் ஆடுபான் வரைந்த அழகான பறவைகளில் பெரும்பாலானவை சுட்டுக் கொல்லப்பட்டு, கம்பி கட்டி நிறுத்தப்பட்டவை. அந்தப் படங்களை வரவேற்பறையில் மாட்டியவர்கள் கூசவில்லை. கண்ணாடியடியில் கிடக்கும் பறவை உறுத்துவதற்குக் காரணம், அந்தச் சாவில் நமக்கும் பங்கு இருப்பது. ராட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கண்ணாடியில் 1995 ஜூன் 5 அன்று ஒரு வாத்து மோதிச் செத்தது. அங்கே பணியாற்றிய கேஸ் முலிகர் அதைப் படமெடுத்துக் கட்டுரையாக்கினார். (இன்னொரு வாத்து அந்தப் பிணத்திடம் நடந்துகொண்ட விதம் குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது.) உலகம் சிரித்தது, ஆனால் அந்தச் சிரிப்பை வைத்தே அவர் ஆண்டுதோறும் கண்ணாடிச் சாவுகளைப் பற்றிப் பேச ஆள் சேர்த்துவிட்டார்.

படம் எடுத்தால் பறவை பிழைக்குமா என்ற கேள்வி நியாயமானது. சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மையத்தில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஆயிரத்தை ஒட்டிய பறவைகள் செத்தன. வரிசையாகக் கிடத்திய அந்த உடல்களின் படங்கள் உலகெங்கும் போயின. மறு ஆண்டே கண்ணாடிகளில் புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டினார்கள். சாவு சுமார் 95 விழுக்காடு குறைந்தது. டொராண்டோவில் சேகரித்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழகாக அடுக்கி எடுத்த படம் 2024-ல் சர்வதேசப் பரிசு பெற்றது. எனக்கென்னவோ அந்த அழகு கொஞ்சம் அதிகம். தேதியும் இடமும் மோதிய கண்ணாடியும் தெரியும் சாதாரணக் கைபேசிப் படமே வழக்குக்கு உதவும்.

நம் சென்னையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பழைய மகாபலிபுரம் சாலையிலும் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அங்கே காலையில் பெருக்குபவர்களும் காவலாளிகளும், பறவை கிடந்தால் வாருவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைக்கட்டும். கட்டட நிர்வாகம் அதற்கு ஒரு பதிவேடு போடட்டும்.