படகு வீட்டுக்குப் போகும் புது ஜோடியே... லைப் ஜாக்கெட் எங்கே?

பாவூர்சத்திரத்தில் இருந்து தென்காசி, செங்கோட்டை, புனலூர் தாண்டினால் கொல்லம். அங்கே அஷ்டமுடி ஏரி. அதற்கும் வடக்கே ஆலப்புழை. புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் படகு வீடு பிடிக்கப் பெட்டி கட்டுகிறார்கள். பட்டுச்சேலை, கேமரா, முறுக்கு டப்பா எல்லாம் ரெடி. உயிருக்கு என்ன ஏற்பாடு?

கேரளத்தில் நடந்ததை மறக்கலாமா? 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் பலி. 2023 மே 7-ந் தேதி தானூரில் 22 பேர் பலி. தானூரில் பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் போன படகு அது!

அட்வான்ஸ் கொடுக்குமுன் லைசென்சைக் காட்டச் சொல்லுங்கள். ஆளுக்கொரு லைப் ஜாக்கெட் இருக்கிறதா? ஏறியதுமே மாட்டிக் கொள்ளுங்கள். அந்தி சாய்ந்தால் படகு வீடு கரையில் கட்டிக் கிடக்க வேண்டும். "இன்னும் ஒரு ரவுண்டு போகலாம் சார்" என்றால், "வேண்டாம்பா" என்று சொல்லி விடுங்கள்.

கேட்க வெட்கப்படாதீர்கள். புதுமாப்பிள்ளை என்று தண்ணீருக்குத் தெரியாது!