ஆய்வேடு எழுதப் போறீங்களா? 10 சதவீதக் கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க!

முதுகலை கடைசி செமஸ்டர். ஆய்வேடு சமர்ப்பிக்கணும். கூகுளில் தேடி காப்பி, பேஸ்ட் செய்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை ஒருமுறை பாருங்க.

மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால், ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடத் தர முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. படிச்ச படிப்பே வீணாகிவிடும்!

யார் எழுதியது என்று சொல்லி மேற்கோளாகத் தரும் வரிகளும், துணைநூல் பட்டியலும் இந்தக் கணக்கில் வராது. மற்றதைச் சொந்த நடையில் எழுதணும். பலரும் தடுமாறுவது இங்கேதான். நாலு சொல்லை மாற்றிப் போட்டால் அது சொந்த நடை ஆகிடாது. ஒரு பத்தியைப் படிங்க, புத்தகத்தை மூடுங்க, புரிஞ்சதை நண்பருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. அப்படி எழுதினாலும் கருத்து யாருடையது என்று குறிப்பிடணும். அதனால் நூல் பெயர், பக்க எண்ணை அப்பவே குறிச்சு வைங்க. கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது.

மாதிரி பார்க்க செல்போனே போதும். ‘ஷோத்கங்கா’ தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசம். தமிழில் எழுதியவையும் உண்டு. இயல் பிரிப்பு, அடிக்குறிப்பு போடும் முறையை அதில் கவனிங்க. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கு.

சமர்ப்பிக்கும் முன் மென்பொருளில் ஒருமுறை சோதித்துத் தரச் சொல்லி நெறியாளரிடமோ நூலகத்திலோ கேளுங்க.