கையை விட்டால் தானே பறக்கும்

கார் ஓட்டி நன்றாகப் பழகியவர் விமானப் பயிற்சிக்குப் போனால் முதல் பத்து நிமிடத்திலேயே அசடு வழிய நேரும். எஞ்சின் ஓடுகிறது, விமானம் தரையில் மெல்ல நகர்கிறது, வளைவு வருகிறது. கை தன்னையறியாமல் எதிரே இருக்கும் ஸ்டியரிங் மாதிரியான பிடியைத் திருப்பும். விமானமோ நேரே புல்தரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். "கையை எடுங்க, காலால திருப்புங்க" என்பார் பக்கத்தில் இருக்கும் பயிற்றுநர். தரையில் திசை மாற்றுவது காலடியில் உள்ள இரண்டு மிதிகள்தான். இடது மிதியை அழுத்தினால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பும். மிதிகளின் மேல்விளிம்பைக் கால்விரல்களால் அழுத்தினால் பிரேக்.

பறக்கக் கற்பதில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. புதிய வித்தைகளைப் பழகுவதைவிட, தரையில் வளர்ந்த உடம்பின் பழக்கங்களை அடக்குவதற்கே அதிக நேரமாகிறது. இயந்திரம் பெரும்பாலும் ஒத்துழைக்கும். முரண்டு பிடிப்பது நம் கைதான்.

உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் தென்படும் விமானம் செஸ்னா 172. 1956இல் விற்பனைக்கு வந்தது. நடுவில் சுமார் பத்தாண்டுகள் உற்பத்தி நின்றும், இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. தலைக்கு மேலே இறக்கை, நான்கு இருக்கை, ஒற்றை ப்ரொப்பெல்லர், இப்போதைய மாடலில் 180 குதிரைத்திறன். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்குப் பொறி தருவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரண்டு மேக்னெட்டோக்கள். பேட்டரி முழுதாகச் செத்தாலும் எஞ்சின் நிற்காது. பழைய தொழில்நுட்பம் என்று யாரும் இதைக் கேலி செய்வதில்லை.

கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி நடந்து, தொட்டும் அசைத்தும் பார்க்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி போன்ற குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இந்தப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமானதால் அடியில் நிறமில்லாமல் தேங்கி நிற்கும்.

மேலே போனதும் முதல் கண்டிப்பு: பிடியை நெரிக்காதே. கவனித்துப் பார்த்தால், புதியவரின் விரல்கள் வெளுத்துப் போயிருக்கும். சில பயிற்றுநர்கள் மாணவரின் விரலிடுக்கில் ஒரு பென்சிலைச் செருகிவிடுவார்கள், இறுக்கினால் வலிக்கும். ட்ரிம் என்றொரு சிறு சக்கரம் உண்டு. அதைச் சரியாகத் திருகி வைத்துக் கையை விட்டுவிட்டால், செஸ்னா அதே வேகத்தில் தானே போய்க்கொண்டிருக்கும். ஒரு காற்று மூக்கைத் தூக்கிவிட்டால் வேகம் குறையும்; வேகம் குறைந்ததும் மூக்கு தானே தாழும்; தாழ்ந்ததும் வேகம் கூடும். இப்படி ஒன்றிரண்டு முறை ஏறி இறங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும். பதறிப்போய் ஒவ்வொரு அசைவையும் திருத்தப் போகிறவர்தான் அதைத் தள்ளாட வைக்கிறார். பக்கவாட்டுச் சாய்வை மட்டும் விமானம் நீண்ட நேரம் தானே பார்த்துக்கொள்ளாது.

அடுத்து வருவது ஸ்டால். கேட்டாலே மாணவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் பாடம். இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, அதற்கு ஈடாக விமானம் மேலே தாங்கப்படுகிறது. மூக்கைத் தூக்கத் தூக்க, எதிர்க்காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் கூடும், தூக்குவிசையும் கூடும். ஏறக்குறைய 15, 16 டிகிரியைத் தாண்டியதும் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழிந்த காற்று பிய்ந்து சுழலத் தொடங்கும், தூக்குவிசை சட்டென்று சரியும். இதுதான் ஸ்டால். எஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும்.

செஸ்னாவில் இதற்கு முன்னெச்சரிக்கை தருவது ஒரு அருமையான ஏற்பாடு. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை. கோணம் ஆபத்தை நெருங்கும்போது அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைந்து, துளை வழியாகக் காற்று உறிஞ்சப்படும். உள்ளே ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ஒரு நாக்கு. அது அதிர்ந்து ஊளையிடும். மின்சாரமும் இல்லை, மின்னணுவும் இல்லை.

ஊளை கேட்கிறது, விமானம் குலுங்குகிறது, மூக்கு தொபுக்கென்று சாய்கிறது, கண்ணெதிரே வயல்வெளி. கை என்ன செய்யும்? இழுக்கும். இழுத்தால் கோணம் இன்னும் கூடி, ஸ்டால் நீடிக்கும். செய்ய வேண்டியது நேரெதிர்: பூமியைப் பார்த்துத் தள்ள வேண்டும். தள்ளினால் ஓரிரு நொடியில் காற்று மீண்டும் இறக்கையில் ஒட்டிக்கொள்ளும். வோல்ஃப்காங் லாங்கவீஷ 1944இல் வெளியிட்ட 'ஸ்டிக் அண்ட் ரட்டர்' என்ற நூலின் மையமே இந்தக் கோணம்தான். அனுபவசாலிகள் இதை மறக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447, ஸ்டாலிலிருந்து மீளாமலே மூன்று நிமிடங்களுக்கு மேல் விழுந்து அட்லாண்டிக்கில் மோதியது. அந்த நேரத்தில் பெரும்பகுதி மூக்கைத் தூக்கும் பக்கமே கட்டுப்பாடு இழுக்கப்பட்டிருந்தது. 228 பேர் இறந்தார்கள்.

காசைத் தின்னும் பாடம் தரையிறக்கம். சுமார் ஆயிரம் அடி உயரத்தில் ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்குவது, உடனே ஏறுவது, மறுபடி இறங்குவது. மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது ஓடுதளம் வரை எட்டாது போலத் தோன்றினால், மூக்கைத் தூக்கி நீட்டிப் பறக்க மனம் துடிக்கும். தூக்கினால் வேகம் செத்து இன்னும் சீக்கிரமாகத் தாழும். உயரத்துக்கு த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி), வேகத்துக்கு மூக்கு என்று சொல்லிக்கொடுப்பார்கள். நேர்மாறாகச் சொல்லும் கட்சியும் உண்டு. விமானிகள் இரண்டு பேர் டீ குடிக்கும் இடத்தில் இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும். வேகத்தைக் கூட்டி வந்தாலும் சிக்கல்: தரைக்கு மிக அருகில் காற்றின் இழுவை குறைவதால் விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போகும்.

ஒருநாள் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். தனிப் பறத்தல். ஓர் ஆளின் எடை குறைந்ததில் விமானம் வழக்கத்தைவிட முன்னதாகவே எழும்பிவிடும். அது மாணவரை ஒரு கணம் திகைக்க வைக்கும். அமெரிக்காவில் இதை முடித்தவரின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் மாட்டுவது வழக்கம். இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்றவர், 1929 பிப்ரவரி 10 அன்று, 24 வயது ஜே.ஆர்.டி. டாட்டா. 1936இல் சரளா தக்ரால் என்ற 21 வயதுப் பெண் சேலை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாகப் பறந்தார்.

தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச அளவுகோல் 40 மணி நேரப் பறத்தல், குறைந்தது 17 வயது. அதில் 270 கிலோமீட்டர் தனிப் பயணம் ஒன்றும் உண்டு. வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் இந்த 40ஐத்தான் பின்பற்றுகின்றன. நடைமுறையில் பலருக்கு 60, 70 ஆகிவிடும். கூடவே எழுத்துத் தேர்வு, ரேடியோ உரிமம், பரிசோதகரோடு பறந்து காட்டும் தேர்வு.

இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு நண்பர்களை ஏற்றிப் போகலாம். கூலி வாங்கக் கூடாது. மேகத்துக்குள்ளும் போகக் கூடாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். காரணம் நம் காது. அடிவானம் மறைந்துவிட்டால், மெதுவான சாய்வை உட்காதால் உணர முடியாது. விமானம் வட்டமடித்துக் கீழே போகும்போதும் நேராகப் போவதாகவே உடம்பு சத்தியம் செய்யும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேருக்கு வெளிக்காட்சியை மறைத்துப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடிகளில். 1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன், இரவில், புகைமூட்டமான கடல்மீது இப்படித்தான் திசையுணர்வு இழந்து விழுந்தார். அவரிடம் இருந்தது இதே தனியார் உரிமம்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்வது நல்லது. கண்ணாடி அணிவது தடையில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதது தடையாகலாம். ரேடியோ கெட்டுப்போனால் கட்டுப்பாட்டுக் கோபுரம் விளக்கால்தான் பேசும்: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் பிறருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.