நாற்பது வீதமா, இருபது ரூபாயா?

இலங்கையின் பெரகல சந்தியைச் சுற்றிய தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளத்தை அட்டவணை போட்டுப் பார்த்தால், ஒரே சம்பள உயர்வுக்கு இரண்டு விடைகள் வருகின்றன. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்காக 30 சேர்த்து மொத்தம் 730. 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது. ஆனால் வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் போய்விட, விலைப் பங்கு 50உம் சேர்ந்து கைக்கு வந்தது 750. அடிப்படையை மட்டும் வரைந்தால் கோடு 40 வீதம் ஏறும். மொத்தத்தை வரைந்தால் ஏற்றம் 20 ரூபாய்தான், மூன்று வீதம்கூட இல்லை. அந்த மொத்தத்தையே 720இல் தொடங்கும் வரைபடத்தில் போட்டால், இரண்டாவது தூண் முதலாவதைப்போல மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும்! அடிப்படை கூடினால் சேமலாப நிதியும் கூடும், பழைய கொடுப்பனவுகள் எல்லோருக்கும் கிடைக்கவும் இல்லை என்று கம்பனிப் பக்கம் வாதிடலாம். அது நியாயம்தான். வரவு குறைந்தவருக்கு 2019 உண்மையிலேயே பெரிய உயர்வு. முழுக் கொடுப்பனவும் பெற்றுவந்தவருக்கோ அது வெறும் இருபது ரூபாய். 40 என்ற எண்ணை மட்டும் அச்சிடும்போது இந்த இரண்டாமவர் கணக்கிலேயே இல்லாமல் போகிறார்.

சம்பளம் ஏறும் வேகத்தையும் விலை ஏறும் வேகத்தையும் ஒப்பிட, இரண்டுக்கும் காலம் ஒன்றாக இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் வந்த 1,000 ரூபாய் நாட்சம்பளம், 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. மூன்றரை ஆண்டில் 35 வீதம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணோ 2022 செப்டெம்பரில் முடிந்த ஒரே ஆண்டில் 69.8 வீதம் ஏறியது. அடுத்த செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியதும், விலை இறங்கிவிட்டது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். இறங்கியது ஏறும் வேகம் மட்டுமே. விலைகள் ஏறிய உயரத்திலேயே நின்றன. கொழும்புச் சுட்டெண் லயத்து வீட்டுக்குப் பொருந்தாது என்றால், ஆம், பொருந்தாதுதான். ஆனால் அந்த ஆண்டு உணவு விலை மட்டும் 94.9 வீதம் ஏறியது. வருமானத்தில் பெரும்பங்கை அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் கொடுக்கும் குடும்பத்துக்கு 69.8 என்பதே குறைத்த மதிப்பீடு. அந்தக் குறைத்த கணக்கிலேயே பார்த்தாலும், 2021 செப்டெம்பரில் 1,000 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 2024 செப்டெம்பரில் வாங்க ஏறத்தாழ 1,700 ரூபாய் வேண்டும். 2024 மே தினத்தில் அரசு அறிவித்து, பின்னர் நீதிமன்றத் தடையால் நின்றுபோன நாட்சம்பளமும் அதே 1,700தான். அதை அளவுமீறிய உயர்வு என்றவர்கள் 1,000த்துக்கும் 1,700க்கும் இடையிலுள்ள 70 வீதத்தைப் பார்த்தார்கள். அதே காலத்து விலைக்கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.