உங்க சாஃப்ட்வேருக்குள்ள ஒரு வேர்ட் புராசஸர்: குடிவைக்கறதுக்கு முன்னாடி

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.

குரோம்பேட்டையில ஒரு ஸ்கூலுக்கு நீங்க சாஃப்ட்வேர் எழுதறீங்கன்னு வச்சுக்குவோம். அட்மிஷன், ஃபீஸ், அட்டெண்டன்ஸ் எல்லாம் நல்லா ஓடுது. டெமோ முடிஞ்சதும் ஆபீஸ்ல இருக்கற மேடம் கேக்கறாங்க: "தம்பி, டி.சி.யும் இதுலயே வரணும். ஆனா கடைசி நேரத்துல ஒரு வரி மாத்தணும்னா நானே மாத்திக்கற மாதிரி இருக்கணும்."

அந்த ஒரு வரிதான் விஷயமே. வெறும் பிரிண்ட் போதும்னா பி.டி.எஃப். போதும். திருத்தணும்னா ஃபான்ட், டேபிள், பக்கப் பிரிப்பு, அன்டூ எல்லாம் வேணும். அதாவது ஒரு முழு வேர்ட் புராசஸர். அதை நாமளே எழுத உட்கார்ந்தா வருஷக்கணக்காகும். அதனால ஏற்கெனவே இருக்கற ஒண்ணை உள்ளே குடிவைக்கறோம்.

விண்டோஸ் உலகத்துல இதுக்கு மைக்ரோசாஃப்ட் 1990லயே ஓ.எல்.இ. என்ற வழியைக் கொண்டுவந்தது. நல்ல வழிதான். ஆனா வேர்டை உள்ளே திறக்கணும்னா ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் லைசென்ஸ் உள்ள வேர்ட் இருக்கணும். சின்ன ஸ்கூலுக்கு அது பெரிய செலவு. அதனாலதான் பலரும் லிப்ரே ஆபீஸ் பக்கம் வர்றாங்க.

இந்தக் கட்டற்ற மென்பொருள் கதையில நம்ம ஏரியாவுக்கும் பங்கு உண்டு. 2005ல் தொடங்கின என்.ஆர்.சி.ஃபாஸ் திட்டத்தை நடத்தியது சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும்தான். சி-டாக்கின் பாஸ் லினக்ஸை இன்ஸ்டால் பண்ணா, லிப்ரே ஆபீஸும் கூடவே வரும்.

இரண்டு வழிகள்

முதல் வழி: ஆபீஸ் தனி புராசஸா ஓடும், அதோட விண்டோ மட்டும் உங்க திரைக்குள்ள உட்காரும். ஜாவாவில் எழுதறவங்களுக்கு ஆபீஸ் பீன் இதைச் செய்து தருது. "இந்த ஃபைலைத் திற", "இங்கே பேரைப் போடு" மாதிரி கட்டளைகள் யூனோ என்ற இடைமுகம் வழியா போகும். ஒரே வீட்ல மாடியில ஓனர், கீழே குடித்தனம் மாதிரி. கீழே கரண்ட் போனாலும் மாடியில விளக்கு எரியும். ஆபீஸ் கிராஷ் ஆனா உங்க புரோகிராம் அதைக் கவனிச்சு, திரும்ப ஸ்டார்ட் பண்ணலாம்.

இரண்டாவது வழி: லிப்ரே ஆபீஸ் கிட். இதுல ஆபீஸ் ஒரு லைப்ரரியா உங்க புராசஸுக்குள்ளயே வந்துடும். பக்கத்தைச் சின்னச் சின்ன சதுரப் படங்களா வரைஞ்சு கொடுக்கும். கீபோர்டு, மவுஸ் அசைவுகளை நீங்கதான் அதுக்கு அனுப்பணும். தோற்றம் முழுக்க உங்க கையில். ஆனா அது விழுந்தா நீங்களும் விழுவீங்க. இதே கிட்டை வச்சு ஓடற கொலாபரா ஆன்லைன், ஒவ்வொரு டாக்குமெண்ட்டையும் தனித்தனி புராசஸ்ல வைக்கறது இதனாலதான்.

எங்கே அடி விழும்

மேடம் ஏற்கெனவே லிப்ரே ஆபீஸ்ல ஒரு லெட்டர் டைப் பண்ணிட்டு இருக்காங்க. உங்க புரோகிராமும் ஆபீஸைக் கூப்பிடுது. ரெண்டுக்கும் ஒரே யூசர் புரொஃபைல்னா புதுசா எதுவும் தொடங்காது. ஓடிட்டு இருக்கறதுகிட்டயே வேலை போகும். மூடும்போது நீங்க அந்த புராசஸை கில் பண்ணா, சேவ் பண்ணாத லெட்டரும் போச்சு. அவங்க திட்டப்போறது லிப்ரே ஆபீஸை இல்ல, உங்களை. தீர்வு ஒரே வரி: ஆபீஸைத் தொடங்கும்போதே உங்களுக்குன்னு தனி புரொஃபைல் ஃபோல்டர் கொடுத்துடுங்க.

அடுத்தது தமிழ். விண்டோஸ்ல லதா ஃபான்ட்ல செஞ்ச டி.சி.யை லினக்ஸ்ல திறந்தா, அந்த ஃபான்ட் இருக்காது. வேற ஃபான்ட் வந்து உட்காரும், எழுத்தின் அகலம் மாறும், ஒரு பக்க டி.சி. ரெண்டு பக்கமாகி, ஹெட்மாஸ்டர் கையெழுத்து மட்டும் தனியா அடுத்த பக்கத்துல நிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி இலவச உரிமம் உள்ள ஒரு ஃபான்ட்டை இன்ஸ்டாலரோடயே கொடுத்துடுங்க. பழைய வானவில் ஃபைல்கள் யூனிகோடே இல்லை. ஃபான்ட் இல்லன்னா அதெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் தெரியும். முதல்ல மாத்திட்டு அப்புறம் ஏத்துங்க.

லைசென்ஸ் பத்தி ஒரு வார்த்தை. லிப்ரே ஆபீஸ் எம்.பி.எல். 2.0ல் கிடைக்குது. அதோட ஃபைல்களைத் திருத்திக் கொடுத்தா, அந்தத் திருத்தங்களோட சோர்ஸையும் கொடுக்கணும். உங்க சொந்த கோடை வெளியிட வேண்டிய கட்டாயமில்லை.

என் பரிந்துரை: முதல் வழியில தொடங்குங்க. டெலிவரிக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். டாஸ்க் மேனேஜர்ல போய், பாதி டைப் பண்ணும்போதே ஆபீஸை நீங்களே கில் பண்ணுங்க. மேடம் மாத்தின அந்தக் கடைசி வரி திரும்ப வருதா? வந்தா டெலிவரி பண்ணலாம். வரலன்னா, ஆட்டோ சேவை முதல்ல எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.